நாடாவுக்கு இந்தப் பக்கம்

1

ஓட்டு இல்லாதவனுக்கும் அபிப்பிராயம் இருக்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அபிப்பிராயம் கொள்வதும் தேர்வு செய்வதும் ஒரே காரியத்தின் இரண்டு பெயர்களா, அல்லது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக நடுவில் ஏதோ ஒன்றைக் கடந்தாக வேண்டுமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் என்கிற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில், வயதான அம்மாள் ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் நான் நின்றபோது பிறந்தது.

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நவம்பர் மாதம் ஓட்டுப் போடுவது கடைசிக் காரியம். அதற்கு முன்பாக, ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் நிற்கப்போவது யார் என்பதையும் ஜனங்களே தீர்மானிக்கிறார்கள். தலைமை கூடிப் பேசி வேட்பாளர் பட்டியலை வெளியிட, மறுநாள் அதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு இது ஆரம்பத்தில் ஆச்சரியமாக இருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் இதற்கும் ஒரு வாக்குப்பதிவு நடக்கும். அயோவாவில் வேறு முறை. காக்கஸ் என்று பெயர். பேட்டைவாசிகள் ஓரிடத்தில் கூடி, பேசி, முடிவு செய்வது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வு 1972-லிருந்து 2020 வரை நாட்டிலேயே முதலில் இங்கேதான் தொடங்கியது. அந்த இரவில் மாநிலத்தின் 32 லட்சம் ஜனங்களில் ஏறக்குறைய 1,76,000 பேர், சுமார் 1,700 இடங்களில் கூடினார்கள்.

குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் காக்கஸில் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டுவிடுவார்கள். ஜனநாயகக் கட்சியில் அன்றுவரை ரகசியத்துக்கு இடமில்லை. கூடத்தின் ஒவ்வொரு மூலையும் ஒரு வேட்பாளருக்கு. யாரை விரும்புகிறாயோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும். உன் வீட்டு ஓட்டைச் சரிசெய்கிறவன், உன் பல்லைப் பிடுங்குகிற டாக்டர், உன் மனைவி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்து போய் நிற்க வேண்டும். பிறகு தலைகளை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில், கூடியிருப்பவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஒரு மூலையில் தேறாவிட்டால் அந்த மூலை கலைய வேண்டியதுதான். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், வேறு கலைந்தவர்களோடு சேர்ந்து ஒரு புது மூலையைத் தேற்றலாம், அல்லது கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 'எங்களிடம் வாருங்கள்' என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். இந்த அரைமணி நேரந்தான் காக்கஸின் உயிர்.

வேடிக்கை பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். அவர்களுக்கென்று இடம் ஒதுக்கி, தரையில் ஒரு நீல நாடா ஒட்டியிருந்தார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் வந்தால் தலை எண்ணிக்கை கெட்டுவிடும். இந்தப் பக்கம் நான், இரண்டு சீன மாணவர்கள், காமிராவோடு ஒரு ஐரோப்பியப் பத்திரிகைக்காரர், தகப்பனோடு வந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி. நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு நிறைந்துவிடும் என்றால் பதினேழு வயதுக்காரனும் காக்கஸில் நிற்கலாம். அப்படி நின்ற பையன் ஒருவன் கைகால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஜோ பைடனின் மூலையில் நின்றார். கூடத்தில் இருநூற்றுச் சில்லறைப் பேர். தேறுவதற்கு முப்பதுக்கு மேல் வேண்டும். அந்த மூலையில் இருபத்தேழு பேர். கலைந்தது. மற்ற மூலைகளிலிருந்து சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் யாரிடமும் போகவில்லை. நேராக நாடாவின் விளிம்புக்கு வந்தார். "நான் எங்கே போகட்டும்? நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் பேசாத பேச்சில்லை. சாப்பாட்டு மேஜையில், ஆபீஸில், அவரோடு வேலியருகே, ஒவ்வொரு வேட்பாளரையும் பிரித்து மேய்ந்திருந்தேன். அந்த உரிமையில்தான் அவர் கேட்டார். "எனக்கு ஓட்டு இல்லையே. நான் சொல்வது முறையாக இருக்காது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "நீங்களும் இங்கேதானே இருக்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, மெதுவாக நடந்து, ஒரு மூலையில் போய் நின்றார்.

2

என் பதிலில் ஒரு கண்ணியம் தொனித்தது. பத்து நிமிஷம் நானும் அதை நம்பினேன். பிறகு அது பொய் என்று தெரிந்தது.

முதலாவதாக, சட்டம் என் வாயைக் கட்டவில்லை. அமெரிக்காவில் பிரஜையல்லாதவன் மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போட்டால் குற்றம். 1996-இன் சட்டம் அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் பேசலாம். எந்த வேட்பாளருக்காகவும் கூலியில்லாமல் வீடுவீடாய்ப் போய்க் கதவைத் தட்டலாம். இன்னும் விசேஷம், என்னைப் போன்ற நிரந்தரவாசி பணமும் கொடுக்கலாம். பிரஜைக்கு என்ன உச்சவரம்போ அதே உச்சவரம்பு எனக்கும். ஆக, என் பணப்பை நாடாவைத் தாண்டிப் போகலாம், நான் போகக்கூடாது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் நிரந்தரவாசி ஆண், ராணுவப் பதிவேட்டில் பெயர் கொடுத்தாக வேண்டும். வியட்நாம் போருக்குப் பிரஜையல்லாதவர்களையும் கட்டாயமாகப் பிடித்து அனுப்பினார்கள். உடம்பும் நாடாவைத் தாண்டலாம் என்று ஆகிறது. தாண்டக்கூடாதது தலை எண்ணிக்கை ஒன்றுதான்.

இந்த நாடாவும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1848-இல் விஸ்கான்ஸின் மாநிலம் தன் அரசியல் சாசனத்தை எழுதியபோது, பிரஜையாகப் போகிறேன் என்று அறிவித்திருந்தால் போதும், அந்நியனும் ஓட்டுப் போடலாம் என்று எழுதியது. நிலத்தை உழ ஆள் வேண்டியிருந்த காலம். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. முதல் உலகப்போரையொட்டி எழுந்த அந்நிய வெறுப்பில் ஒவ்வொன்றாக உரிமையைத் திரும்பப் பெற்றன. கடைசியாக நிறுத்தியது ஆர்கன்ஸாஸ், 1926-இல். நாடா எங்கே ஒட்டப்படுகிறது என்பது தர்மத்தின் கட்டளை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். எங்கேயாவது ஒட்டத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

சட்டம் இல்லையென்றால் பயமா? கொஞ்சம். பல வருஷம் விசா முத்திரைகளை எண்ணி வாழ்ந்தவனுக்கு, சர்க்கார் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்திக்கொள்வது முதுகெலும்பில் ஏறிவிடுகிறது. ஆனால் அந்த அம்மாளிடம் எனக்கு என்ன பயம்?

நடந்தது வேறு. அவர் கேட்ட கணத்தில் என் நாக்கின் நுனிக்கு ஒரு பெயர் வந்தது. அது நான் குளிர்காலம் முழுவதும் புகழ்ந்து பேசிய பெயர் அல்ல. என்னைப் போன்றவர்களுக்கு, எங்கள் காகிதங்களுக்கு, யாரால் ஆபத்துக் குறைவு என்று நான் உள்ளூரக் கணக்குப் போட்டு வைத்திருந்தேனோ அவருடைய பெயர். அபிப்பிராயம் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. தேர்வு வேறொரு பெயரைச் சொன்னது. இரண்டும் சந்தித்துக்கொள்ள வேண்டிய அவசியம் அதுவரை நேர்ந்ததில்லை. நேர்ந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன், அதற்கு முறை என்று பெயரும் வைத்தேன்.

எந்தத் தேர்வும் இப்படித்தான் தொடங்குகிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. செலவில்லாத வரையில் நம் லட்சியங்கள் மாசற்றவை. அவற்றை எவரேனும் வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவற்றின் எடை நமக்கே தெரிகிறது.

3

இதுவரை சொன்னதில் ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று நான் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றதற்கு அமெரிக்கச் சட்டம் மட்டும் காரணமல்ல.

2003 ஆகஸ்டில் மாணவனாக ஏம்ஸுக்கு வந்தேன். 2014-இல் நிரந்தரவாசி ஆனேன். ஐந்து வருஷம் கழித்து, அதாவது 2019-இல், பிரஜையாக விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தை அச்சிட்டு எடுத்து, பெயரையும் பிறந்த தேதியையும் நிரப்பி, மேஜை இழுப்பறையில் வைத்தேன். அங்கேயே இருந்தது. அந்த நீல நாடாவில் ஒரு முழம் என் கையாலேயே ஒட்டியது.

காரணம் கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். அமெரிக்கப் பிரஜையாகிறவன் வேறெந்த ராஜ்யத்தின்மேலும் தனக்குள்ள விசுவாசத்தை முற்றாகத் துறப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். இந்திய அரசியல் சாசனத்தின் 9-ஆவது ஷரத்தும், 1955-இன் குடியுரிமைச் சட்டமும், வேற்று நாட்டுப் பிரஜாவுரிமையை வலிந்து ஏற்றவன் இந்தியப் பிரஜையல்ல என்கின்றன. கையில் ஒரு அட்டை தருவார்கள். அதைக் காட்டிப் போகலாம், வரலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. துறப்பது என்கிற அந்தச் சொல் எனக்குத் தொண்டையில் சிக்கியது. கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் என்னை மெச்சக்கூடச் செய்தார்கள்.

ஆனால் எதைத் துறக்க அஞ்சினேன்? என் இந்திய ஓட்டையா? வெளிநாட்டில் வாழும் இந்தியப் பிரஜை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் ஓட்டுப் போட ஊருக்கு நேரில் போய், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். நான் ஒரு தடவையும் போனதில்லை. பட்டியலில் பெயர் சேர்க்கக்கூட இல்லை. கடைசியாக என் விரலில் மை பட்டது 2001-இல். ஆக ஓட்டு இருக்கிற இடத்தில் நான் இல்லை, நான் இருக்கிற இடத்தில் ஓட்டு இல்லை. இரண்டுக்கும் நடுவே மிக வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

வசதி என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் வந்த வருஷம் ஈராக்கின்மேல் படையெடுப்பு நடந்த வருஷம். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த அமெரிக்க இளைஞர்களில் சிலர் அதைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள் செய்த காரியம்' என்று கூனிக் குறுகிப் பேசுவார்கள். அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களும் 'நாங்கள்' என்றே சொன்னார்கள். நான் 'உங்கள் போர்' என்பேன். சில வருஷங்களில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் மத்திய அரசாங்கத்தின் வரி பிடித்தம் ஆயிற்று. போர் தொடர்ந்தது. அந்தக் குண்டுகளில் என் பணமும் இருந்தது. ஆனாலும் என் இலக்கணம் மாறவில்லை. 'உங்கள் போர்.'

நான் துறக்க அஞ்சியது இந்தப் படர்க்கையை. அந்நியனாக இருப்பதில் உள்ள குற்றமின்மையை. பிறந்த நாட்டின் அவலங்களுக்கு 'நான் அங்கே இல்லை' என்று சொல்லலாம். வாழும் நாட்டின் அவலங்களுக்கு 'நான் இவர்களில் ஒருவன் இல்லை' என்று சொல்லலாம். எந்தப் பழியும் ஒட்டாத இந்த ஸ்தானத்தை நான் தேசப்பற்று என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

இந்த ஸ்தானத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அதுவும் பெரிய இடத்துப் பூர்வீகம். ஏதென்ஸ் நகரில் தங்கி வாழ்ந்த அந்நியர்களை மெடிக் என்றார்கள். ஆணுக்கு வருஷத்துக்கு 12 டிராக்மா தலைவரி. பிரஜை ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். படையில் சேர வேண்டும். நிலம் வாங்கக்கூடாது, சபையில் ஓட்டுக் கிடையாது. இரண்டாயிரத்து முன்னூறு வருஷங்களில் படிவங்கள்தான் மாறியிருக்கின்றன.

அரிஸ்டாட்டில் ஒரு மெடிக். வடக்கே ஸ்டாகிராவில் பிறந்து பதினேழு வயதில் ஏதென்ஸ் வந்தவர். பிரஜை என்பவன் யார் என்று தன் 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் அவர் கேட்டுக்கொள்கிறார். ஓரிடத்தில் வசிப்பதாலேயே ஒருவன் பிரஜையாகிவிட மாட்டான், மெடிக்குகளும் அடிமைகளும்கூட அங்கேதானே வசிக்கிறார்கள் என்கிறார். தீர்ப்பு வழங்குவதிலும் பதவியிலும் பங்கு கொள்பவனே பிரஜை. அவருடைய வரையறையின்படி அவரே பிரஜையல்ல. இதை எழுதும்போது அவர் கை சற்றேனும் தயங்கியிருக்குமா? நூலில் அதற்குத் தடயமில்லை. வெளியில் நின்றதால்தான் அவ்வளவு தெளிவாகப் பார்த்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நீதி என்றால் என்ன என்ற பிளாட்டோவின் மாபெரும் விவாதம்கூட பைரீயஸ் துறைமுகத்தில் ஒரு மெடிக்கின் வீட்டில்தான் நடக்கிறது. பிரஜைகள் நீதியைப் பற்றிப் பேச அந்நியன் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வீட்டு மகன் பொலிமார்க்கஸ், கி.மு. 404-இல் முப்பதின்மர் ஆட்சியில் விசாரணையின்றிக் கொல்லப்பட்டவர். அவர்களுக்கு வேண்டியிருந்தது மெடிக்குகளின் சொத்து. தெளிவான பார்வை அவரைக் காப்பாற்றவில்லை. கி.மு. 323-இல் அலெக்ஸாண்டர் இறந்ததும் அரிஸ்டாட்டிலும் ஏதென்ஸை விட்டு ஓட வேண்டியிருந்தது.

பார்வையாளனின் பெருமையைப் பேச வருகிறவர்கள் இன்னொரு சாட்சியையும் அழைப்பதுண்டு. கான்ட் 1798-இல் வெளியிட்ட ஒரு நூலில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிச் சொல்கிறார்: புரட்சி வெல்லலாம், தோற்கலாம், ரத்தத்தில் மூழ்கலாம். முக்கியம் அதுவல்ல. அதில் எந்த ஆதாயமும் இல்லாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மனத்தில் எழுந்த ஆதரவுதான் மனிதகுலத்தின் தார்மீகப் போக்குக்கு அத்தாட்சி. இதைப் படித்தபோது என் நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தது போலிருந்தது. ஆனால் அதே இடத்தில் கான்ட் இன்னொன்றும் சொல்கிறார், வசதியாக மறந்துபோகிற ஒன்று. அந்த ஆதரவை வெளியே சொல்வது அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது, ஆனாலும் சொன்னார்கள் என்கிறார். பிரஷ்ய ராஜாவின் ஆட்சியில் பாரிஸுக்காகச் சந்தோஷப்படுவது இலவசமல்ல.

அதாவது, பார்வையாளனுக்கு மதிப்பு அவன் விலகி நிற்பதால் மட்டும் வருவதல்ல. விலகி நின்று பார்த்ததை, தனக்குச் செலவாகும் இடத்தில் வைத்துச் சொல்வதால் வருகிறது. நான் விலகலை எடுத்துக்கொண்டு செலவை விட்டுவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் தத்துவவாதி, நாடாவின் ஓரத்தில் ஊமை.

5

அப்படியானால் பேசியிருந்தால் என்ன பேசியிருக்க வேண்டும்? வெறும் தைரியம் போதாது. தைரியமாக என் சுயநலத்தைச் சொல்லியிருந்தால் அது அந்த அம்மாளுக்கு என்ன உதவி? நாடாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே தெரிகிற ஏதாவது ஒன்று உண்டா? இந்தக் கேள்வியோடு பல மாதங்கள் இருந்தேன். ஒன்று உண்டு என்று நினைக்கிறேன்.

எந்த வேட்பாளரும் ஓட்டு உள்ளவர்களிடம் மரியாதையாகப் பேசுவார். அயோவாவில் சோளம் விளைகிறது என்பதால் சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு வாழ்த்துச் சொல்லாமல் இந்த மாநிலத்தில் காலை வைத்தவர்கள் குறைவு. கண்காட்சியில் குச்சியில் செருகிய பன்றிக் கறியைக் கடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதில் தப்பில்லை. இது வியாபாரம். ஆனால் வியாபாரப் பேச்சிலிருந்து ஒரு மனிதரின் குணத்தை அறிய முடியாது. தன்னைத் தண்டிக்கவோ தனக்கு வெகுமதி தரவோ சக்தியற்றவர்களைப் பற்றி அவர் என்ன பேசுகிறார், எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதுதான் அவருடைய பேச்சில் விலை போகாத பகுதி. ஜனாதிபதியின் அதிகாரம் மிகக் கனமாக விழுவதும் அவர்கள்மேல்தான்.

அன்று அந்தக் கூடத்தில் இல்லாதவர்களை எண்ணிப் பார்த்தேன். 2020 ஆகஸ்டில் மாநில ஆளுநர் ஆணை பிறப்பிக்கும் வரையில், கடும் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தண்டனையை முடித்து வெளியே வந்த பிறகும், ஆளுநரிடம் தனியாக மனுச் செய்து மீட்டால் ஒழிய அயோவாவில் ஆயுள் முழுவதும் ஓட்டிழந்தவர். போர்ட்டோ ரிக்கோ தீவில் வாழ்கிறவர்கள் அமெரிக்கப் பிரஜைகள், படையில் சேர்ந்து சாகலாம், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் நவம்பர் ஓட்டு அவர்களுக்கு இல்லை. பன்றி இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் காகிதமற்றவர்கள். எங்கேயோ ஒரு பாலைவனத்தில், ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து ஆளில்லா விமானம் வருகிறதா என்று கவனிக்கிறவன். இன்னும் பிறக்காதவர்கள். அயோவாக்காரர் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவருக்கு அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை. அந்த வருஷம் பாரிஸிலும், கிளாஸ்கோவிலும், ஜார்ஜியா நாட்டின் திபிலிஸியிலும் கிளைக் காக்கஸ்கள் நடந்தன. திபிலிஸியில் இருந்துகொண்டு அவர் நாடாவுக்கு உள்ளே. மூன்றாவது வீட்டில் இருந்துகொண்டு நான் வெளியே.

இதை முறையீடாகச் சொல்லவில்லை. எல்லோரையும் ஓட்டுச்சாவடிக்குள் விடு என்பதும் என் வாதமல்ல. எந்த நாடாவுக்கும் ஒரு வெளிப்பக்கம் இருக்கும். 1975-லிருந்து நியூஸிலாந்து தன் நிரந்தரவாசிகளுக்குப் பாராளுமன்ற ஓட்டுக் கொடுக்கிறது. அங்கே நாடா சற்றுத் தள்ளி ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. ஓட்டு என்பது வெளியே நிற்பவர்களுக்காகவும் போடப்படுகிறது என்பதைச் சொல்ல வந்தேன். உள்ளே நிற்பவன் தன் ஒரு தலையை மட்டும் எண்ணிக் கொடுப்பதாக நினைக்கிறான். அவன் கையில் இருப்பது, எண்ணப்படாத பல தலைகளின் மேல் ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். அந்த எண்ணப்படாதவர்களில், அந்தக் கூடத்துக்குள் வந்து, கூப்பிடு தூரத்தில் நின்று, பாஷையும் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நான் அவர்களில் ஒருவன். அந்த அம்மாள் மற்ற மூலைகளின் சத்தத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். காரணத்தை நான் கேட்கவில்லை. ஓட்டு இல்லாதவனிடம் விற்பனைக்கு எதுவும் இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். உரைகல்லைத் தேடி வந்தவருக்கு, 'நான் கல்தான், எனக்குப் பேச்சு வராது' என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

6

அந்த இரவுக்குப் பிறகு நடந்தது உலகறிந்தது. எண்ணிக்கைகளை அனுப்பத் தயாரித்த கைபேசிச் செயலி காலைவாரியது. முடிவுகள் வர நாட்களாயின. பேராளர் கணக்கில் பூட்டிஜெஜ் ஒரு இழை முந்தினார். தலைகளின் எண்ணிக்கையில் ஸாண்டர்ஸ் முந்தினார். பைடன் நான்காவது. எங்கள் கூடத்தில் பதினைந்து சதவிகிதம் தேறாத அந்த மனிதர் அடுத்த ஜனவரியில் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அந்த அம்மாள் முதலில் நின்ற மூலை வென்றது, கடைசியில் போய் நின்ற மூலை தோற்றது. அவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது, "ஜெயித்த இடத்தில் நின்றேனா என்று யார் கணக்குப் பார்த்தார்கள்? நின்றேன்" என்றார்.

2024-இல் அயோவா ஜனநாயகக் கட்சியின் காக்கஸில் மூலைகள் இல்லை. முதலிடமும் போய்விட்டது. தபாலில் ஒரு அட்டை வந்தது, வீட்டில் உட்கார்ந்து நிரப்பி அனுப்பினார்கள். முடிவு மார்ச் 5-ஆம் தேதி வெளியாயிற்று. இது நியாயமான மாற்றம்தான். இரவு வேலைக்குப் போகிறவர்கள், நடக்க முடியாதவர்கள், பச்சைக் குழந்தை உள்ளவர்கள், இவர்களையெல்லாம் பழைய முறை நாடாவுக்கு வெளியே வைத்திருந்தது. அம்மாள் தன் அட்டையைச் சமையலறை மேஜையில் வைத்து நிரப்பினார். "என்னை யாரும் பார்க்கவில்லை. என்னவோ திருட்டுத்தனம் செய்த மாதிரி இருந்தது" என்றார். அவர் குறித்த பெயருக்குரியவர் ஜூலை 21-ஆம் தேதி போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

அக்டோபரில், இலை வாரிக்கொண்டிருந்தபோது, வேலியருகே வந்து மறுபடியும் கேட்டார். நான்கு வருஷத்துக்கு முந்தைய சம்பவம் அவருக்கு நினைவிருந்ததா தெரியவில்லை. அயோவாவின் ஆறு தேர்வாளர்கள் யார் பக்கம் போவார்கள் என்பதில் எங்கள் இருவருக்குமே பெரிய சந்தேகம் இருக்கவில்லை. 2016-லும் 2020-லும் ஒரே பக்கம் போயிருந்தார்கள், 2024-லும் போனார்கள். அவருடைய ஒரு ஓட்டு எதையும் மாற்றப்போவதில்லை. ஆனாலும் அவர் கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இந்த முறை நான் சொன்னேன். முதலில் என் பயம் எந்தப் பெயரைச் சொல்கிறது என்பதைச் சொன்னேன், அதைக் கழித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். பிறகு ஓட்டு இல்லாதவர்களைப் பற்றி யார் யார் என்ன பேசினார்கள் என்று நான் கவனித்ததைச் சொன்னேன். அதன்பின் ஒரு பெயரைச் சொன்னேன். சொன்னபோது வயிற்றில் ஏதோ இறங்கியது. அவர் தலையாட்டவில்லை, மறுக்கவுமில்லை. இலைகளைப் பார்த்தபடி நின்றுவிட்டு உள்ளே போனார்.

என்ன பெயர் என்று வாசகர் கேட்கலாம். உங்களிடம் சொல்வதற்கு எனக்குச் செலவில்லை. அங்கே ஓட்டில்லாதவன் அங்கே ஓட்டில்லாதவர்களிடம் சொல்லும் இன்னொரு இலவச அபிப்பிராயமாக அது போகும். அதைத்தான் இருபது வருஷம் செய்திருக்கிறேன். எவர் அதை வாங்கிக்கொண்டு நடக்க முடியுமோ அவரிடம் சொல்லிவிட்டேன்.

படிவம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. நான் நிரப்பிய பதிப்பு காலாவதியாகி, புதிய பதிப்பை வாங்க வேண்டும் என்கிறார்கள். நிரப்புவேனா என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. துறப்பது என்கிற சொல் இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. அதில் இந்தியா எவ்வளவு, என் குற்றமின்மை எவ்வளவு என்று இப்போது கொஞ்சம் பிரித்துப் பார்க்க முடிகிறது. போரைப் பற்றிப் பேச்சு வரும்போது வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தடுமாறுகிறேன். 'உங்கள்' என்று வாயில் வருகிறது. அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.